பீப் ஒலிக்குப் பிறகு

செப்டம்பர் 2, திங்கள்

ஆம், நான்தான். ஒரு விரல். வலது கை ஆள்காட்டி விரல். நான் தட்டும் டேப்லெட் ஒரு மரத் தாங்கியில் நிற்கிறது. என் முழங்கையை யாரும் பிடிக்கவில்லை, தோளில் யாருடைய கையும் இல்லை. அப்பா வெளியே தாழ்வாரத்தில், தண்ணீர் கேன் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். நடுவில் ஒரு சுவர்.

இன்று பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் அதைத்தான் கேட்டார், தட்டுவது இவள்தானா என்று. அப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். பதிலைத் தட்டி முடிப்பதற்குள் அவர் கோப்பை மூடிவிட்டார். பரவாயில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள். நல்ல நாள். மின்விசிறி சத்தம் போடவில்லை.

வேலை இது. பேராசிரியர் வசுமதி எட்டு வருடங்களுக்கு முன் அறுபத்திரண்டு குழந்தைகளைப் படம் பிடித்திருக்கிறார். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்கள், என்னைப் போல வாயால் பேசாதவர்கள். மேசையில் இரண்டு பட அட்டைகள். "தண்ணீர் எது?" என்பது போல ஒரு கேள்வி. குழந்தை ஓர் அட்டையைத் தொட்டால் 'பதில் உண்டு'. தொடாவிட்டால் 'பதில் இல்லை'. ஒரு கேள்விக்கு ஒரு கிளிப், முப்பது விநாடி. ஆளுக்கு இருபது கேள்வி. பார்த்துக் குறிப்பதுதான் வேலை. இதற்குக் குறியிடுதல் என்று பெயர்.

கையேட்டின் முதல் வரி: கண்டதை மட்டும் குறிக்கவும், ஊகிக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்த வரி.


செப்டம்பர் 3

காலையில் அப்பா தோசைக்கல் முன்னால் நின்று "ரெண்டா, மூணா?" என்றார். டேப் மேசையில் இருந்தது, நான் சுவரோரம் இருந்தேன். நடந்து போய், உட்கார்ந்து, மூன்று என்று தட்டினேன். அதுவரை கரண்டியைப் பிடித்தபடி நின்றார். கல் புகைந்தது. அம்மா திட்டினாள்.

அப்பா போன வருடம் வரை பாபநாசம் வண்டியில் கண்டக்டர். பேச்சை நிறுத்தத் தெரியாத மனிதர். அவருக்கு நான் பிறந்திருக்கிறேன்.


செப்டம்பர் 4

பக்கத்து மேசையில் மைதீன் அண்ணன். ஆராய்ச்சி மாணவர், மேலப்பாளையம். ஆயிரத்து இருநூற்று நாற்பது கிளிப்பையும் ஏற்கெனவே குறியிட்டு முடித்தவர். என் குறிகள் அவர் குறிகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒவ்வொரு வெள்ளியும் பார்ப்பார்கள்.

நான் வேலை செய்யும்போது ஒரே சுரத்தில் முனகுவேன். அதை முதலிலேயே தட்டிக் காட்டினேன். அவர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீ ஒன் பாட்ட பாடு, நான் என் பாட்ட கேக்கேன்" என்றார்.

அவ்வளவுதான். பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவைப்படவில்லை. இதைச் சிலருக்குப் புரியவைக்க அம்மா பத்துப் பள்ளிகளுக்கு அலைந்தாள்.


செப்டம்பர் 6, வெள்ளி

கலந்து எடுத்த நூறு கிளிப். 63 சதவீதம்.

எண்பது வேண்டும். மாதக் கடைசிக்குள் எண்பது வராத குறியீட்டாளரைத் திட்டத்தில் வைத்திருக்க முடியாது. விதி எல்லாருக்கும் ஒன்று. வசுமதி மேடம் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தே சொன்னார், அப்பாவின் முகத்தைப் பார்த்து அல்ல. அதற்கு நன்றி.

வேலை நிலைத்தால் அடுத்த ஜனவரியில் முனைவர் பட்டப் பதிவு. நிலைக்காவிட்டால் வீடு. வீடும் நல்ல இடம்தான். எனக்குக் கவலை இல்லை.

63.


செப்டம்பர் 8, ஞாயிறு

கோயிலில் அம்மா வழக்கம்போல ஜெபச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டாள். போதகர் வாசித்தார். "தேவசகாயம் குடும்பத்தார், மகள் எஸ்தர் பேச." என் மூன்று வயதிலிருந்து இதே சீட்டு. கையெழுத்துகூட மாறவில்லை.

பதினோரு வயதில் நான் முதன்முதலாகத் தட்டிய வாக்கியம்: சட்னியில் மிளகாய் அதிகம். அம்மா அழுதாள். தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். அடுத்த ஞாயிறும் அதே சீட்டு. சட்னியும் மாறவில்லை.

எழுதிவிட்டுப் பார்த்தால் குறை சொல்வதுபோல் இருக்கிறது. அப்படி இல்லை. இருபது வருடம் ஒருவர் பெயரை எழுதிக்கொண்டே இருப்பது சின்ன விஷயமா.


செப்டம்பர் 10

நாள் முழுவதும் ஜெனரேட்டர் சத்தம். ஒன்றும் செய்யவில்லை.


செப்டம்பர் 13, வெள்ளி

66.

கையேட்டை முதலிலிருந்து மறுபடி படித்தேன். நான்காவது முறை.

அப்பா வாட்ச்மேனோடு சிநேகிதமாகிவிட்டார். தாழ்வாரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நான் வெளியே வந்ததும் எண்ணைக் கேட்கவில்லை. "டீ குடிப்பமா?" என்றார். அவருக்கு வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று தெரியும்.


செப்டம்பர் 16, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

நாங்கள் ஒத்துப்போகாத கிளிப்புகளைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றார் மைதீன் அண்ணன். ஒரு சிறுமி. "நாய் எது?" என்ற கேள்வி. கேள்வி முடிந்து பத்தாவது விநாடியில் படத்தில் ஒரு பீப் ஒலிக்கும். ஒலித்ததும் அவர் விரல் ஸ்பேஸ் பாரைத் தட்டியது. படம் நின்றது. "பதில் இல்ல. நீ எப்படி உண்டுன்னு போட்ட?"

நான் தட்டினேன்: மிச்சத்தை ஓட விடுங்கள்.

"மிச்சத்துல ஒண்ணும் கெடையாது. மேடம் குனிஞ்சு எழுதுவாங்க, அட்டைய எடுப்பாங்க. அம்புட்டுதான்."

ஓட விட்டார். பதினேழாவது விநாடியில் சிறுமியின் கை புறப்பட்டது. மேசையின் ஓரம் வரை வந்து நின்றது. மறுபடி புறப்பட்டது. இருபத்தோராவது விநாடியில் நாய்ப் படத்தின் மேல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

மைதீன் அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். "நீ பீப்புக்குப் பெறவும் பாத்துக்கிட்டே இருந்தியா?"

ஆம். வேறு வழியில்லை. பீப் கேட்டதும் நிறுத்த வேண்டும் என்று எனக்கும் தெரியும். நிறுத்து என்று விரலுக்குச் சொல்கிறேன். விரல் புறப்படுவதற்குப் பல விநாடி ஆகிறது. அதற்குள் படம் ஓடிவிடுகிறது. கை அட்டைக்குப் போவதைப் பார்த்துவிடுகிறேன். கண்டதைக் குறிக்கச் சொன்னார்கள், குறித்தேன்.

மைதீன் அண்ணனோடு சேர்த்து இதுவரை குறியிட்டவர்கள் மூன்று பேர், எட்டு வருடம், எல்லாரும் பீப்பிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். விரல் சொன்னபடி கேட்கும் மனிதர்கள்.

மைதீன் அண்ணன் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். பிறகு, பத்து விநாடி என்பது கையேட்டில் இருக்கும் விதி, அதன்படி 'பதில் இல்லை' என்பதுதான் சரி என்றார். பீப்புக்குப் பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள், எண்பது தானாக வரும் என்றார். என் நன்மைக்காகச் சொன்னார். அது எனக்குத் தெரியும்.


செப்டம்பர் 18

பீப் ஒலித்ததும் ஜன்னலைப் பார்க்கிறேன். ஜன்னலில் ஒரு கொடுக்காப்புளி மரம். இரண்டு நாளில் அந்த மரத்தை எழுபது முறை பார்த்திருக்கிறேன்.


செப்டம்பர் 20, வெள்ளி

94.

மேடம் கை குலுக்கக் கை நீட்டி, வெளியார் தொடுவது எனக்குப் பிடிக்காது என்பது நினைவு வந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மைதீன் அண்ணன் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அப்பா வாட்ச்மேனிடம் எண்ணை இரண்டு தரம் சொன்னார். "தொண்ணூத்தி நாலு. என்னன்னு நெனைச்சீரு?"

வீட்டில் அம்மா போன் போட்டுச் சித்தியிடம் சொன்னாள்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும்.


செப்டம்பர் 21, சனி

கிளிப் 417. குழந்தை எண் 21. பெயர் எங்களுக்குத் தெரியாது. நீலச் சட்டை போட்ட ஒரு பையன்.

"தண்ணீர் எது?" பீப். அந்த இடத்தில் மரத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு லாரி ஹார்ன் அடித்தது, தலை திரும்பிவிட்டது. பார்த்துவிட்டேன். பத்தொன்பதாவது விநாடியில் கை தண்ணீர்ப் படத்தின் மேல். அத்தோடு நிற்கவில்லை. தொட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து பார்க்கிறான். எதிரே மேடத்தின் உச்சந்தலை தெரிகிறது. அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் 'பதில் இல்லை' என்று குறித்தேன். வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு.

இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். பப்ஸைப் பற்றி எழுதிவிட்டேன்.

இன்று மதியம் முழுவதும் காதை அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். அப்பா என்னவென்று கேட்டுவிட்டு டேப் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டினேன், நிறுத்தினேன், தட்டினேன். முக்கால் மணி நேரம். அதற்குள் அவர் பேசாமல் இருந்தது உலக அதிசயம்.

படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அம்பாசமுத்திரத்துல ஒரு ஆச்சி ஏறும். படியில ஒரு கால வச்சுட்டு மூச்சு வாங்கும். டிரைவர் ஆரன் அடிப்பாரு. ஆளு ஏறுததுக்கு முன்னால விசில் குடுத்தா நான் என்ன கண்டக்டரு?"

பிறகு, வேலை போனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. அவருக்கும் சில கேள்விகளுக்கு நேரம் எடுக்கும்.


செப்டம்பர் 23, திங்கள்

காலையில் அந்த நூறு கிளிப்பையும் கடைசி வரை மறுபடி பார்த்தேன். பிறகு மேடத்துக்குக் கடிதம். நான்கு வரி. ஒன்றரை மணி நேரம்.

'சென்ற வாரம் நான் கொடுத்த நூறு குறிகளைத் திரும்பப் பெறுகிறேன். அவை நான் கண்டவை அல்ல. கண்டவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து கிளிப்புகளைக் கடைசி வரை உங்களோடு பார்க்க அனுமதி வேண்டும்.'

கண்டவற்றை வைத்துக் கணக்கிட்டால் 64.

மைதீன் அண்ணனிடம் முதலில் காட்டினேன். "ஏ, உள்ளதுக்கும் மோசம் பண்ணிக்காத" என்றார். பிறகு ஐந்து கிளிப்புகளை அவரே தேடி எடுத்து ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தார்.


செப்டம்பர் 24

மேடத்தின் அறை. திரையில் மேடம். எட்டு வயது இளையவர், நீளமான பின்னல், குனிந்த தலை.

படத்தில் இருப்பவர் அவரே என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். தவறை மட்டும் யோசித்தேன், தவறு யாருடையது என்று யோசிக்கவில்லை.

417 நான்காவதாக வந்தது. பையன் தொட்டான். தலை நிமிர்ந்து பார்த்தான். மேடம் எழுதி முடித்தார். அட்டையை எடுக்கக் கை நீட்டினார். அவன் கை அட்டையின் மேல் இருந்தது. அந்தக் கையை மெதுவாக, மிகவும் அன்பாக எடுத்து, அவன் மடியில் வைத்துவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டார்.

அதை நான் முன்பு கவனிக்கவில்லை. முப்பது விநாடிக்கு இன்னும் இரண்டு விநாடி இருக்கும்போது நடக்கிறது. என் விரல் அதற்குள் நிறுத்திவிடும்.

மேடம் மறுபடி போடச் சொன்னார். மறுபடி. மூன்றாவது முறை முடிந்ததும், "கைய நானே எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

ஐந்தாவது கிளிப்பைப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்தேன். அப்பா எழுந்து நின்றார்.


செப்டம்பர் 25

ஒன்றும் இல்லை.


செப்டம்பர் 26

மேடம் விடுப்பு. மைதீன் அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டார். இருபது விநாடியில் கை எங்கெங்கோ போகும், தற்செயலாக அட்டையில் விழுந்திருக்கலாமே என்றார். நல்ல கேள்வி. கோபம் வரவில்லை. தற்செயல் என்றால் பாதி முறை தவறான அட்டையில் விழ வேண்டும் என்று தட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

ஒருவர் என் உடம்பைச் சந்தேகிக்காமல் என் கருத்தைச் சந்தேகிப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது.


செப்டம்பர் 30, திங்கள்

மாதக் கடைசி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடம் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "எஸ்தர், நீ இனிமே இந்தத் திட்டத்துல குறியிட முடியாது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். காதில் அடி. நாற்காலி விழுந்தது. டேப்பை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு ஓடினேன். அப்பா என் முன்னால் வந்து நின்றார், தொடவில்லை. வழியை மறிக்கவும் இல்லை. நான் சுவரில் முதுகை வைத்து முனகினேன். வாட்ச்மேன் அந்தப் பக்கம் வருகிறவர்களை வேறு வழியில் அனுப்பினார்.

மேடம் என் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். வந்தவர் தண்ணீர் கேன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார், பட்டுப் புடவையோடு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பா பிறகு சொன்னார், பன்னிரண்டு நிமிடம்.

நான் முனகி ஓய்ந்த பிறகு மேடம் சொன்னார்: "நான் இன்னும் முடிக்கல எஸ்தர். கேள்வி இப்போ உன்னோடது. கேள்வி கேட்டவங்க குறியிடக் கூடாது. விதி."

குறியிடுபவருக்கு ஆய்வில் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் தேடுவதையே கண் காணும். அது சரியான விதி. ஆயிரத்து இருநூற்று நாற்பது கிளிப்பையும் கடைசி வரை, பீப் ஒலியை நீக்கிவிட்டு, எங்களை யாரென்றே தெரியாத இரண்டு பேர் குறியிடுவார்கள். எதை எண்ண வேண்டும், எப்படி எண்ண வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜனவரியில் பதிவு.

ஆக, அவர் ஒரு வாக்கியத்தின் முதல் பாதியைச் சொன்னார். நான் இரண்டாம் பாதிக்குக் காத்திருக்காமல் ஓடினேன். நானும் பீப்பிலேயே நிறுத்திவிட்டேன்.

இதைத் தட்டிக் காட்டியதும் மேடம் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். கொஞ்சம் அழுதார். அப்பா அவருக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.


அக்டோபர் 6, ஞாயிறு

போதகர் வாசித்தார். "தேவசகாயம் குடும்பத்தார், மகள் எஸ்தரின் ஆராய்ச்சிக்காக." அவ்வளவுதான். சீட்டில் 'பேச' இல்லை.

அம்மா முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் சட்னி, மிளகாய் குறைவு.


அக்டோபர் 11, வெள்ளி

புதிய இருவரும் முடித்துவிட்டார்கள். அவர்களுக்குள் ஒத்துப்போவது 91.

முன்பு 'பதில் இல்லை' என்று குறித்தவை 806. அவற்றில் 431இல் பதில் இருந்திருக்கிறது. பீப்புக்குப் பிறகு. 431இல் சரியான அட்டை 382.

மைதீன் அண்ணன் எண்களைப் பார்த்தார். "தற்செயல் இல்ல" என்றார். எழுந்து போய்விட்டு, ஐந்து நிமிடம் கழித்து முட்டை பப்ஸோடு வந்தார்.

மேடம் கட்டுரையைப் பற்றிப் பேசினார். நான் வேறொன்று கேட்டேன். அந்த அறுபத்திரண்டு வீடுகளுக்கும் அப்போது ஓர் அறிக்கை போயிருக்கிறது, கேள்விகளுக்கு இத்தனை சதவீதம் பதில் என்று. சிலருக்குப் பூஜ்யம். அந்தத் தாளைப் பள்ளிக்கூடங்கள் பார்த்திருக்கும். கட்டுரை அவர்கள் வீட்டுக்குப் போகாது. கடிதம் போகும்.

"என்னன்னு எழுதுறது?" என்றார் மேடம்.

நான் எழுதுகிறேன் என்றேன். அவர் காத்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்ததைப் பார்த்தேன்.


அக்டோபர் 14, திங்கள்

கடிதத்தின் நடுப் பகுதி:

'எட்டு வருடங்களுக்கு முன் உங்கள் பிள்ளை பதில் சொல்லவில்லை என்று உங்களுக்கு எழுதினோம். அது தவறு. உங்கள் பிள்ளை பதில் சொன்னார். அதைப் பார்க்கும் வரை நாங்கள் இருக்கவில்லை. எந்தக் கேள்விகளுக்கு, எத்தனையாவது விநாடியில் என்ற பட்டியலை இணைத்திருக்கிறோம். பழைய அறிக்கையை எந்தப் பள்ளியாவது காட்டினால், இதைக் காட்டுங்கள். எங்களை அழையுங்கள், நாங்கள் வந்து சொல்கிறோம்.'

'நாங்கள் வந்து' என்பதை மேடம் சேர்க்கச் சொன்னார். கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் நான் தட்டிய என் பெயர்.

பதில் எதுவுமே தாமதமாகாத குழந்தைகள் நான்கு பேர். மிச்சம் ஐம்பத்தெட்டுக் கடிதங்கள். முகவரிகளை மேடம் தம் கையால் எழுதினார். பெயர்கள் எனக்குத் தெரியக் கூடாது என்பதால் உறைகளைக் கவிழ்த்துக் கொடுத்தார். முதல் உறையின் பின்பக்க மூலையில் பென்சிலால் 21 என்று மட்டும் இருந்தது. நீலச் சட்டைக்காரனுக்கு இப்போது பதினைந்து, பதினாறு வயது இருக்கும்.

கவிழ்த்தபடியே எடுத்துக்கொண்டு அப்பாவோடு தபால் நிலையம் போனேன். பெட்டியின் வாய்க்கு நேராகக் கையை நீட்டினேன். விரல்கள் விடவில்லை. பின்னால் ஒருவர் கடிதத்தோடு வந்து நின்றார். அப்பா அவர் பக்கம் திரும்பி, எந்த ஊர் என்று கேட்டு, பாபநாசம் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவர்கள் பேச்சு வண்டி கல்லிடைக்குறிச்சி வரை போவதற்குள் ஐம்பத்தெட்டையும் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து டேப்பைச் சார்ஜில் போட்டேன்.